பட்டாளத்து உடுக்கை

சின்னக்கருப்பன் செத்து எட்டு மாதம் கழித்து, 1954-ஆம் வருசம் மாசிக் கும்பிடு அன்று, பட்டப்பகலில், முனியப்பசாமி கோயில் முன்னால் ஊரே கேட்கத் தன் தம்பியைத் திட்டினான். அந்த வருசம் கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு நல்ல விளைச்சல். மூடுபனிதான் கொஞ்சம் கூடுதல்.

பட்டாளத்தில் அவன் கோவேறு கழுதை மேய்த்தவன். பர்மா சண்டையில், அரக்கான் காட்டில், ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் பக்கத்து முகாமில் இருந்தார்கள். கழுதை தூக்காத பொதியையும் தலையில் வைத்துக்கொண்டு பாடியபடி மலையேறுவார்கள். அவர்களில் ஒருவன் மரத்தைக் குடைந்து, இடுப்பை ஒடுக்கி, இரண்டு வாயிலும் தோல் கட்டி, தோலுக்குத் தோல் வார் இழுத்து ஒரு மேளம் செய்து வைத்திருந்தான். அதை டொன்னோ என்பான். அக்குளில் இடுக்கி, வளைந்த குச்சியால் அடிப்பான். அக்குளை நெருக்கினால் குரல் ஏறும், விட்டால் இறங்கும். மனிதன் பேச்சு எப்படி ஏறி இறங்குமோ அப்படியே அடித்து, தன் ஊர்ப் பெரியவரை அப்பன் பாட்டன் பெயரோடு கூப்பிடுவான். வார்த்தை ஒன்றுகூட இல்லாமல் அவன் ஆட்களுக்கு விளங்கிவிடும். சண்டை ஓய்ந்ததும் சின்னக்கருப்பன் ஒரு கழுதையின் வெண்கல மணியைக் கழற்றிக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். மணி சர்க்கார் மணி, அதனால் மனசு நோகவில்லை.

ஊருக்கு வந்ததும் அதற்குப் பட்டாளத்து உடுக்கை என்று பெயரானது. பூண்டுக்காட்டில் காட்டுப்பன்றி விரட்ட அதைத்தான் அடித்தான். அடிக்கும்போது வாய் சும்மா இருக்காது. பன்றியைத் திட்டுவான், வரப்பைத் தள்ளிப் போடும் தம்பி ஆண்டிச்சாமியைத் திட்டுவான், குழம்பு சரியில்லை என்று பெண்டாட்டி சோலையம்மாளைத் திட்டுவான். ஏழெட்டு வருசம் அக்குளில் கிடந்து இதையே கேட்ட தோல் வேறு என்ன படிக்கும்? ஒரு நாள் பன்றியை விரட்டிக்கொண்டு ஓடி, பாறையில் வழுக்கி விழுந்து செத்தான். பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிள்ளை இல்லாத வீடு. முப்பதாம் நாள் முடிந்த கையோடு ஆண்டிச்சாமி வந்து வாசலில் நின்றான்.

"மதினி, ஒத்தப் பொம்பள பன்னி வெரட்டிக்கிட்டா கெடப்பீக? காட்ட என்கிட்ட விட்டுட்டு வெரசாப் பொறந்த வீடு போயிச் சேருங்க."

"பன்னி வெரட்டத்தான் இருக்கேன் கொழுந்தனாரே. எல்லாப் பன்னிக்கும் நாலு காலுன்னு சொல்ல முடியுமா?"

அந்தக் காட்டைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. பிறந்த வீட்டில் அண்ணன் பெண்டாட்டி அடுப்புக்குப் பக்கத்தில்கூட இடம் வைத்திருக்கவில்லை. ஆனால் அந்த ஊரில் காட்டுத் தகராறு கோர்ட்டு, கச்சேரிக்குப் போவதில்லை. மாசிக் கும்பிடு அன்று கோடாங்கி நாச்சிமுத்து உடுக்கை அடிப்பான். முனியப்பன் அவன் மேல் இறங்கி ஒரு வாக்குச் சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை. முனியப்பன் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஆண்டிச்சாமி முந்தின நாளே அரைக் கிடாய்க் கறியோடு கோடாங்கி வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

கறி நல்ல கறி. அதுதான் வினை. பனியில் தொய்ந்த உடுக்கையை அடுப்போரம் காய வைத்த நாச்சிமுத்து, சட்டியைக் கிண்டும் மும்முரத்தில் அதை மறந்தான். தோல் சுருங்கி வெடித்தது. சாமியும் சனமும் காத்திருக்க, சோலையம்மாள் வீட்டிலிருந்து பட்டாளத்து உடுக்கையைத் தூக்கி வந்தார்கள். உடுக்கை மாதிரி இடுப்பு இருந்தது, போதாதா? நாச்சிமுத்து கையில் பிடித்து அடித்துப் பார்த்தான், சத்தம் எழும்பவில்லை. செத்தவன் செய்தது போல அக்குளில் இடுக்கிக் குச்சியை வைத்தான்.

குரல் வந்தது. வார்த்தை இல்லை, வெறும் ஏற்றமும் இறக்கமும்தான். ஆனால் "ஏலே ஆண்டி" என்று சின்னக்கருப்பன் கூப்பிடும் அந்த இழுப்பு ஊரில் யாருக்குத் தெரியாது? சின்னப்பிள்ளைகள்தான் முதலில் சிரித்தன. பயப்பட அதில் ஒன்றுமில்லை கண்ணுகளா, உயிரோடு இருந்தபோதும் அவன் அதையேதான் சொன்னான். தம்பியை ஒரு பாட்டம் திட்டி முடித்து மேளம் பெண்டாட்டியிடம் திரும்பியது. செத்த அன்றைக்குக் குழம்பில் உப்பில்லை என்றது. ஊரே சோலையம்மாளைப் பார்த்தது.

"உப்பு வாங்கப் போனது நீங்க," என்றாள் அவள் நின்ற இடத்திலிருந்தே. "சாராயம் வாங்கிட்டு வந்தா கொழம்பு என்ன செய்யும்?"

ஆண்டிச்சாமி இடையில் புகுந்தான். மேளம் உளறுவது வாக்காகாது, முனியப்பன் கோடாங்கி வாயால் சொன்னால்தான் வாக்கு என்றான். அது முறைதான். பெரியவர்கள் தலையாட்டினார்கள்.

நாச்சிமுத்து கையை எடுக்கப் பார்த்தான், குச்சி விடவில்லை. மேளம் குரலைத் தாழ்த்தி, கதை சொல்லும் சாவகாசத்தில், முந்தின நாள் சாயங்காலம் அரைக் கிடாய் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டது என்று ஆரம்பித்தது. எந்தச் சந்தில் திரும்பியது என்றது. எந்த வாசலில் நின்றது என்று சொல்வதற்குள் நாச்சிமுத்து கண்ணை உருட்டி, நாக்கைக் கடித்து, முனியப்பன் குரலில் அலறினான்: "காடு சோலையம்மாளுக்குடா!"

மேளம் நின்றது. முனியப்பன் அந்த வருசம் வரவே இல்லை. யாரும் தேடவும் இல்லை.

அதற்குப் பிறகு மேளம் அவள் வீட்டு முளைக்குச்சியில் தொங்கியது, பேச அதற்கு அடிக்கும் ஆள் தேவைப்படவில்லை. காட்டுக்குக் கொண்டுபோனால் பன்றி வராது, ஆண்டிச்சாமியும் வரமாட்டான். பனிக்காலத்தில் வார் தொய்ந்து சின்னக்கருப்பன் பெரிய மனுசன் போலப் பேசுவான். சித்திரை வெயிலில் தோல் இறுகிச் சின்னப்பயல் போலக் கத்துவான். அளவுக்கு மீறினால் அவள் எழுந்து போய் இரண்டு வாரைத் தளர்த்திவிட்டு வந்து படுப்பாள். உயிரோடு இருந்தபோது அந்த வசதி இல்லை.

1962 பங்குனியில் முதல் பூண்டைப் பழனியாண்டவருக்குக் கொடுக்க, கொடைக்கானல் வந்து மலையிறங்கும் பஸ் ஏறினாள். மடியில் சேலைத்துணி சுற்றிய மேளம். அதற்கு லக்கேஜ் போடணும்மா என்றார் கண்டக்டர். பஸ் வளைவில் சாய, அவள் முழங்கை வாரில் அழுந்தியது. துணிக்குள்ளிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள், மரியாதையாக இல்லை.

கண்டக்டர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரா?"

"ஆமாங்க."

அவர் இன்னொரு முழு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, பக்கத்தில் இருந்தவரை எழுப்பி வேறு இடம் பார்க்கச் சொன்னார்.