இடப்பக்க இருக்கையில் வீரையன்

அந்தமானில் வந்திறங்கி நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. மகளின் வேலையைப் பற்றி வீரையன் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சுடர்விழி இயற்பியல் பட்டதாரி. இங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறாள். சொந்த ஊரான பூதலூரில் கேட்டவர்களிடமெல்லாம், "ஏசி ரூம்ல ஆபீஸ் வேலை" என்று வீரையன் அளந்துவிட்டிருந்தார். ஒரே ஒருமுறை அவர் வாயால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் அவரை வரவழைத்திருந்தாள். கேட்கத்தான் வாய் வரவில்லை.

கடலோர மலைச்சாலையில் அவரை ஜீப்பில் அழைத்துப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பாறை; மறுபக்கம் கிடுகிடு பள்ளம், அடியில் அலை.

"நிறுத்து பாப்பா, நான் ஓட்டுறேன். முப்பத்தொரு வருஷம் டிராக்டர் ஓட்டினவன் வேடிக்கை பாக்கவா வந்தேன்?"

"இங்க மேடு ஜாஸ்திப்பா."

"நம்மூர்ல மேடே இல்லையாக்கும்? ரயில்வே பாலத்துல எத்தனை தடவை ஏறியிருக்கேன்!"

மறுக்க முடியாமல் இடம் மாறிக்கொண்டாள். நன்றாகத்தான் ஓட்டினார். ஒரு வளைவில் கடல் மொத்தமாகத் திறந்துகொண்டது. எஞ்சினை அணைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி இறங்கினார்.

"எம்மாந் தண்ணி! இதுல ஒரு மடையை நம்ம வாய்க்காலுக்குத் திறந்துவிட்டா என்ன?"

"உப்புத் தண்ணிப்பா."

"தெரியும், சும்மா இரு."

வயல்காட்டில் வண்டியை எங்கே விட்டாலும் விட்ட இடத்தில் நிற்கும். கைப்பிரேக் என்ற ஒன்று இருப்பதே அவருக்கு நினைவில் இல்லை. ஜீப் மெல்லப் பின்னோக்கி நகர்ந்தது.

"ஏய்! ஏய், நில்லு!" மாட்டை அதட்டுவதுபோல் அதட்டிக்கொண்டே வீரையன் பானட்டைப் பிடிக்க ஓடினார்.

சுடர்விழி உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி ஸ்டீரிங்கைப் பாறைப் பக்கம் ஒடித்தாள். மறுகையால் கைப்பிரேக்கை முழுப் பலத்தோடு இழுத்தாள். பின்பக்கம் பாறையில் லேசாக இடித்து வண்டி நின்றது.

வீரையன் விளிம்புவரை போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

"எறங்கும்மா. அந்தப் பக்கம் போய் உக்காரு."

அவள் வண்டியை எடுத்தாள். அந்தச் செங்குத்து ஏற்றத்தில் ஓர் அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. அடுத்த வளைவில் எதிரே பேருந்து வந்தது. ஜீப்பைப் பின்னோக்கியே ஓட்டிப்போய், பள்ளத்தை ஒட்டி ஒதுங்கி வழிவிட்டாள். பேருந்து ஓட்டுநர் கைதூக்கிவிட்டுப் போனார். கிளட்சிலும் பிரேக்கிலும் மாறி மாறி அழுத்திய அவளுடைய கால்களையே வீரையன் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. வீடியோ அழைப்பில் பக்கத்து வீட்டுத் தியாகராசன். பின்னால் டீக்கடைக் கூட்டம்.

"என்னய்யா வீரையா, ஊர் சுத்துறியா? மக ஆபீஸுக்குப் போயிருச்சா?"

சுடர்விழி சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது மட்டும் அவர் பக்கம் இருந்தது.

வீரையன் போனை அவள் பக்கம் திருப்பினார்.

"அட, ஜீப் நம்ம பாப்பாவா ஓட்டுது? லீவா இன்னிக்கு?"

"லீவுமில்ல, ஆபீஸுமில்ல," என்று கடலுக்கே கேட்கும்படி கத்தினார் வீரையன். "எம்மவ இங்க டிரைவருய்யா!"