நின்று நின்று வந்த தண்ணீர்

அந்த வருடம் வைரக்கண்ணுவின் வயலுக்குள் ஆவணி முதல் வாரத்தில் நுழைந்த தண்ணீர், புரட்டாசி பிறந்தும் மறுகரைக்கு வந்து சேரவில்லை. திருவையாற்றுக்குக் கிழக்கே அந்தப் பக்கத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உர விலை ஏறியதைத்தான் பேசினார்கள். ஹலீமாவால் அப்படி இருக்க முடியவில்லை. வாய்க்கால் தண்ணீர் வைரக்கண்ணுவின் வயலைக் கடந்துதான் அவளுடைய நிலத்துக்குப் பாய வேண்டும். துபாயில் இருந்த கணவன் அப்சர் வேண்டாமென்று சொல்லியும் அவள் துணிந்து பிடித்த முதல் குத்தகை அது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது.

"மடைய அடைச்சிட்டீங்களாண்ணே?"

"நான் எங்கம்மா அடைச்சேன்? நீங்களே வந்து பாருங்க."

மடை திறந்தேதான் இருந்தது. நெருக்கி நட்ட பயிருக்குள் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஒவ்வொரு நாற்றுக் குத்தின் முன்னும் நின்றது. அதை ஒருமுறை சுற்றியது. கல்யாண வீட்டில் ஒருவரையும் விடாமல் நலம் விசாரிக்கிறவரைப் போல அடுத்த குத்துக்கு நகர்ந்தது. ஒரு முழம் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பாசன அதிகாரி ஒருவர் வந்து, பயிர் அடர்ந்தால் தண்ணீர் மெதுவாகத்தான் போகும், இது கொஞ்சம் அதிகம் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார். ஹலீமாவுக்கு அழுகை முட்டியது. அதைப் பார்த்த வைரக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஓர் ஆள் நடக்கிற அகலத்துக்குத் தன் பயிரை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பிடுங்கிப்போட்டார். ஹலீமா அந்தத் தடத்தில் நடந்தாள். தண்ணீர் அவள் குதிகாலைத் தொட்டபடி பின்னாலேயே வந்தது. மறுநாள் நடவு.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்தது. தென்னை மட்டைகளையும் ஒரு மோட்டார் கொட்டகையின் கூரையையும் சுமந்துகொண்டு வெள்ளம் இரைந்து வந்தது. அந்தத் தடம் நேராக ஹலீமாவின் இளம்பயிரில் போய் முடிந்தது. வயல் மூலையில் ஊன்றி வைத்திருந்த மிச்ச நாற்றை அள்ளிக்கொண்டு ஓடி, தடத்தை மூடி நடத் தொடங்கினாள். "கரையேறுங்கம்மா, அடிச்சிட்டுப் போயிரும்!" என்று கத்திய வைரக்கண்ணு, அவள் கேட்கவில்லை என்றதும் தானும் இறங்கி நட்டார். கடைசிக் குத்தை ஊன்றியபோது வெள்ளம் வரப்பேறியது. சுமையை வரப்பிலேயே இறக்கி வைத்தது. முதல் குத்தின் முன்னால் வந்து நின்றது. பின்னால் வந்த வெள்ளமெல்லாம் ரேஷன் கடை வரிசை போல வாய்க்காலிலேயே காத்திருந்தது.

தையில் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். ஹலீமாவின் கதிர்கள் பால் பிடிக்கும் நேரம். சுற்றிலும் வயல்கள் வெடிக்கத் தொடங்கியிருந்தன. ஒரு காலையில் வைரக்கண்ணுவின் பயிருக்குள்ளிருந்து தெளிந்த தண்ணீர் அவள் வயலுக்குள் இறங்கியது.

"ஆறே காஞ்சு கிடக்குங்கிறாங்க. உனக்கு மட்டும் எங்கேருந்து தண்ணி?" என்று போனில் கேட்டான் அப்சர்.

"ஐப்பசித் தண்ணிங்க. இப்பத்தான் வந்து சேர்ந்துச்சு," என்று சொல்லிவிட்டு, ஹலீமா மடையை மண்வெட்டியால் இன்னும் கொஞ்சம் அகலமாக்கினாள்.