பாயின்ட் ஒன்பது ஒன்பது

குன்னூர்ப் பக்கத்து டீ பேக்டரியில் எலக்ட்ரீஷியன் மனுவேலுக்கு உயிர் எதில் இருந்தது என்றால், பவர் பேக்டர் என்ற ஒற்றை எண்ணில்தான். மின்சாரத்தை ஒழுங்காகப் பயன்படுத்துகிறோமா என்று பார்க்கிற மார்க் அது. அவருடைய மார்க் பாயின்ட் ஒன்பது ஒன்பது. மகள் லிஜி பத்தாம் வகுப்பில் வாங்கியது எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். இதைக் கேட்டால் யோசிக்கவே மாட்டார். மானேஜர் பிராங்ளின் ஒரு தடவை தோளில் தட்டிக் கொடுத்ததில் வந்த வினை.

இலை வாட்டும் மாடியில் விசிறிகளின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் புதிதாக டிரைவ் பெட்டிகள் வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. மத்தியானம் சாப்பாட்டுக்கு இலை உருட்டும் ரோலர்களை நிறுத்தியதும், கீழே அந்த மார்க்கை ஏற்றிப் பிடிக்கிற கெப்பாசிட்டர்களில் ஒன்று டப்பென்று வெடிக்கும், பேக்டரி முழுக்க கரண்ட் போய்விடும். மூன்று வாரத்தில் மூன்று தடவை. அந்த நேரத்தில் ஓடுவது விசிறிகள் மட்டும். மாடியில் இருப்பதோ அவற்றைப் பார்த்துக்கொள்ளும் வேலாமணி ஒருத்தி. அப்புறம் விசாரணை எதற்கு? 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று மூன்று தடவையும் எழுதிக் கொடுத்தார் மனுவேல், நல்ல கையெழுத்தில். இன்னொரு தடவை ஆனால் வேலாமணி கொழுந்து பறிக்கப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார் மானேஜர். முட்டியில் ஆபரேஷன் ஆனவள், பாவம், அந்தச் சரிவில் எப்படி ஏறுவாள்?

வெடித்ததற்குக் காரணம் பார்க்க கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் ராஜப்ரியா வந்தாள். மீட்டரை மாட்டிவிட்டு கெப்பாசிட்டர் பேனலைத் திறந்தாள்.

"ஏனுங்க, இதை மேனுவல்ல போட்டது யாருங்க?"

"நானுங்க மேடம்." மனுவேல் நெஞ்சை நிமிர்த்தினார். "ஆட்டோல விட்டா பாதி கெப்பாசிட்டர் தானா கழண்டுக்குது. பூராவும் ஆன்லயே கெடந்தா மார்க் எறங்காதுங்களே."

ராஜப்ரியா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "டிரைவ் பெட்டி கரண்டைச் சீரா எடுக்காதுங்க, துண்டு துண்டாத்தான் எடுக்கும். அதனால கரண்ட்ல வேண்டாத சின்ன அலைங்க கெளம்பும். ஹார்மோனிக்ஸ்னு சொல்லுவோம். ரோலர் ஓடுறப்போ அது அடங்கிக் கெடக்கும். ரோலர் நின்னதும், வேலையில்லாம ஆன்லயே கெடக்கிற உங்க கெப்பாசிட்டருங்கதான் அதை இழுத்துப் பெரிசாக்குது. தாங்காம வெடிக்குது."

சுவிட்சை ஆட்டோவுக்குத் திருப்பினாள். ஒரு மணிக்கு ரோலர்கள் நின்றன. கெப்பாசிட்டர்கள் ஒவ்வொன்றாக டக் டக்கென்று விலகின. ஒன்றும் வெடிக்கவில்லை. மேலே விசிறிகள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"அந்த அலைங்களை வடிகட்டுற பில்டர் ஒண்ணு போட்டுட்டா நல்லதுங்க. அதுவரைக்கும் இதுல யாரும் கை வைக்க வேண்டாம்," என்றாள்.

மனுவேலுக்கு முகமெல்லாம் சுட்டது. புது டிரைவ் பெட்டிமேல் பழியைப் போட்டுவிட்டு நழுவியிருக்கலாம். நழுவத் தெரியாதவரும் அல்ல. என்னவோ அன்றைக்கு மனசு கேட்கவில்லை. நேரே ஆபீசுக்குப் போய், தான் எழுதிக் கொடுத்த மூன்றும் தப்பு என்று மானேஜரிடம் சொல்லிவிட்டு, மாடி ஏறினார்.

வேலாமணி விசிறி சுவிட்சுப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"தப்பு என்னோடதுங்க. சார்கிட்ட சொல்லிட்டேன். நீங்க எங்கயும் போக வேண்டாம்."

அவள் கேட்டாள்: "அப்ப நான் போய்ச் சாப்பிட்டு வரலாமுங்களா?"

"இத்தனை நாளா சாப்பிடலீங்களா?"

"இதை உட்டுட்டு நகரவே பயமுங்க. மூணு வாரமா சாயங்காலம் ஊட்டுக்குப் போய்த்தான் சாப்பாடு."

மனுவேல் போங்க என்று கையைக் காட்டினார். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியிறங்கினாள். அவள் நின்ற இடத்தில் போய் நின்றார். உட்கார அங்கே ஒரு ஸ்டூல்கூட இல்லை.