பின்னால் போய்ப் பார்

“என்னம்மா, கழுதைக்குப் பைஜாமா மாட்டி வெச்சிருக்கே?” என்றார் ஜெரோப் டீச்சர்.

நெகேசா அசரவில்லை. “வரிக்குதிரைதான் டீச்சர். நீங்க கிட்ட நின்னு பார்க்கறீங்க. பின்னால போய்ப் பாருங்க!”

மொத்த வகுப்பும் சிரித்தது. அது டீச்சரின் சொந்த வசனம். நைரோபி வடிவமைப்புக் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரை, சுவரில் ஒட்டு, பின்னால் போய்ப் பார். கிட்டே நின்றால் கோடு தெரியும். தள்ளி நின்றால்தான் படம் தெரியும். அவருடைய மாணவர்களைத் தெருவில்கூடக் கண்டுபிடித்துவிடலாம். நல்லதாக ஒரு கடைப் பலகை கண்ணில் பட்டால் போதும், பின்பக்கமாகவே நடந்து போய் யார் மீதாவது முட்டிக்கொள்வார்கள்.

இங்கே சுவர் இல்லை. மாரா ஆற்றங்கரை. வருடா வருடம் மாணவர்களை சஃபாரி கூட்டிவந்து மிருகங்களை நேரில் பார்த்து வரையவைப்பது அவர் வழக்கம். நெகேசா தன் படத்தை வண்டியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருந்தாள். ஓட்டுநர் முட்டீசோ பானெட்டின் மேல் பிளாஸ்க்கையும் எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பொட்டலத்தையும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“டேப்ப உரிக்கும்போது பெயின்ட் வந்துச்சுன்னா, டீச்சர், உங்க தோல உரிச்சு அந்த எடத்துல ஒட்டிருவேன்.”

“சுருக்கம் விழுந்த தோலு முட்டீசோ. உங்க வண்டிக்கு மேட்ச் ஆகும்.”

“சிரிங்க சிரிங்க. ஆனா யாரும் வண்டிய விட்டு நகரக் கூடாது. வானம் மூடிட்டுக் கெடக்கு. இப்படிக் காலையில நீர்யானை மேய்ச்சல முடிச்சுட்டு லேட்டாத்தான் தண்ணிக்குத் திரும்பும்.”

“உங்க நீர்யானை எங்க பசங்கள மாதிரிதானா? நேரத்துக்கு வராதா?”

டீச்சர் தேநீர் ஊற்றத் தொடங்கினார்.

“டீச்சர், பின்னங்கால் குட்டையா இருக்கா?” நெகேசாவின் குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

டீச்சர் திரும்பவில்லை. கோப்பை வழியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “பின்னால போய்ப் பாரு.”

“போயிட்டேன்.”

“இன்னும் கொஞ்சம் போ.”

அப்புறம் முட்டீசோ கத்தினார்.

புதருக்கும் ஆற்றுக்கும் நடுவே நின்றிருந்தாள் நெகேசா. ஒரு கண்ணைச் சுருக்கி, பென்சிலை நீட்டிப் பிடித்து, படத்தையே பார்த்துக்கொண்டு. புதரிலிருந்து வந்த நீர்யானைக்கு அவள் மேல் எந்தக் கோபமும் இருந்திருக்காது. வீட்டுக்குப் போகிற வழியில் ஏதோ நின்றது. அவ்வளவுதான்.

விமானத்தில் நைரோபிக்குக் கொண்டுவந்தார்கள். அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் டீச்சரின் விரலைப் பிடித்தாள்.

“சனிக்கிழமை சுவர்ல என் படம் இருக்கணும் டீச்சர்.” பிறகு, “குட்டைதான். பார்த்துட்டேன்,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

சுவர் என்பது மாதாமாதம் பழைய தேயிலைக் கிடங்கில் நடக்கும் கூட்டம். யார் வேண்டுமானாலும் தன் வேலையைக் கொண்டுவந்து மாட்டலாம். பாட்டு இருக்கும், வாசலில் இறைச்சி சுடும் புகை இருக்கும். ஆரம்பித்தவர் ஜெரோப் டீச்சர்தான். இந்த முறை வேண்டாம் என்றார்.

“அவளே கேட்டிருக்கா டீச்சர்,” என்றார்கள் மாணவர்கள். “பொழச்சு வந்து ஏன் மாட்டலைன்னு எங்களத்தான் உதைப்பா.”

சனிக்கிழமையைத் தாண்டிவிட்டால் நம்பிக்கை உண்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். முட்டீசோ ஆஸ்பத்திரியில் காவல் இருந்தார். டீச்சர் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கிடங்குக்கு வந்தார்.

மதியம் நெகேசாவின் அப்பா வந்தார். வெபுயேயில் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். பஸ்ஸில் கசங்கிய கோட்டோடு நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

“சாயங்காலம்தான் உள்ள விடுவாங்களாம். அதுவரைக்கும் அவ கையால போட்டதையாவது பார்க்கலாமேன்னு வந்தேன்.”

“வாங்க, பாபா நெகேசா.”

அந்தப் பக்கத்தில் தலைப்பிள்ளை பிறந்த அன்றே அப்பன் பெயர் போய்விடும். பஸ் நிலையத்திலும் சர்ச்சிலும் கரும்புக் காட்டிலும் அவர் பாபா நெகேசாதான், நெகேசாவின் அப்பா. சொந்தப் பெயரை டீச்சர் கேட்டதும் இல்லை.

“அவ எதுக்கு டீச்சர் ஆத்துப் பக்கம் போனா? சொன்ன பேச்சு கேக்கற பொண்ணாச்சே.”

“படத்தப் பார்க்கப் போனா.”

“படம் வண்டியிலதானே இருந்துச்சு? அதப் பார்க்க அவ்ளோ தூரம் எதுக்கு?”

டீச்சர் கையிலிருந்த போனைப் பார்த்தார். அப்பா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படத்தைத் தேடிப் போய்விட்டார்.

வரிக்குதிரைக்கு முன்னால் மாணவர்கள் அரைவட்டமாகத் தள்ளி நின்றிருந்தார்கள். அப்பா அவர்களைத் தாண்டிப் போய், மூக்கு காகிதத்தில் படும்படி நின்றார்.

“தள்ளி நின்னு பாருங்க பாபா. அப்பத்தான் நல்லாத் தெரியும்,” என்றாள் ஒரு பெண்.

“தள்ளி நின்னா குதிரைதான் தெரியுது. எம்பொண்ணு தெரியலயே.”

டீச்சரின் கையில் போன் அதிர்ந்தது. முட்டீசோ.

“டீச்சர்...” என்றார். எந்நேரமும் வம்பு பேசும் அந்த மனிதர் மூச்சுத் திணறத் திணற அழுவது மட்டும் கேட்டது. அந்தப் பக்கம் யாரோ அவர் கையிலிருந்து போனை வாங்கி அணைத்தார்கள்.

கிடங்கில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்து போய் அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். டீச்சர் நடந்தார். அவருடைய தோளைத் தொட்டுவிடும் தூரத்துக்கு வந்துவிட்டார்.

“டீச்சரா? வாங்க வாங்க.” அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “இங்க பாருங்க, பின்னங்கால ஒரு தடவ அழிச்சுட்டு மறுபடி போட்டிருக்கா. கிட்ட வந்தாத்தான் தெரியும்.”

டீச்சர் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தார். என்னவென்று கூப்பிடுவது? அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். அது வெளியே வரவில்லை.

“என்ன டீச்சர்?”

டீச்சரின் கால் தானாகப் பின்னால் போனது.

இன்னும் கொஞ்சம் போனது.