கோகிலாவின் நீலக் கார்

அந்தக் கார் நீலம் என்று உலகத்தில் கோகிலா ஒருத்திதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வெறும் நீலம்கூட இல்லை. வெள்ளை மேகங்கள் ஓடுகிற நீலம்.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. அப்பாவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டு, ஸ்டியரிங்கில் மோவாயை வைத்தபடி போனாள். எங்கே போனார்கள், எப்படித் திரும்பினார்கள், எதுவும் நினைவில்லை. கண்ணுக்கு முன்னால் நீலமும் மேகமுமாக ஏதோ மிதந்துகொண்டே வந்தது. அப்பாவின் சட்டைப் பொத்தான் முதுகில் உறுத்தியது. அவ்வளவுதான். சண்டையில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன அப்பா திரும்பவில்லை. வீட்டில் அவருடைய படம் ஒன்றுகூடக் கிடையாது. அவளுக்கென்று அவர் விட்டுப்போனது அந்தச் சவாரி மட்டும்தான்.

“கனவு கண்டிருப்படி,” என்பாள் அம்மா பாக்கியலட்சுமி. “உங்கப்பா தோட்டத்துத் தொரையோட டிரைவரு. அந்தக் காருல சொந்தப் புள்ளைய ஏத்துனா அன்னிக்கே வேல போயிருக்கும். அதுல நீலமாம் நீலம்! காக்கா கறுப்புல இருந்திச்சு அது.”

கல்யாணமாகி காஜா பேராங்குக்கு வந்த பிறகு, கோகிலா இந்தக் கதையைக் கணவன் மாணிக்கவாசகத்திடம் ஒரே ஒரு முறை சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. மின்சார இலாகாவில் கிளார்க்காக இருந்தாலும் அவன் மனசெல்லாம் பழைய அமெரிக்கக் கார்களிடம்தான் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கூட்டாளிகள் இருவர் வந்துவிடுவார்கள். பஸ் பட்டறையில் வேலை செய்யும் சேதுராமன் ஒரு டாட்ஜை உறுமிக்கொண்டு வருவான். பழைய செட்டிமார் குடியிருப்பான கம்போங் சிட்டியிலிருந்து பொன்னையா தன் செவர்லேயை ஊர்வலம் போல மெதுவாக ஓட்டி வருவான். மாணிக்கத்துக்கு மட்டும் கார் இல்லை. மற்றவர்கள் பானெட்டுக்குள் தலையை விட்டுத் திருப்திப்பட்டுக்கொள்வான்.

குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஒரு பழைய கொட்டகையைப் பிரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மூவரும் போனார்கள். மாலையில் கயிறு கட்டி இழுத்து வந்தது ஒரு போர்டு வி-எட்டு. பட்டாளத்துப் பச்சை பூசி, உள்ளே கோழிகள் குடித்தனம் நடத்திய கார். மகள் வீட்டோடு வந்துவிட்ட பாக்கியலட்சுமி அதைச் சுற்றி வந்தாள். பின் மட்கார்டில் இருந்த நசுக்கலைத் தடவினாள்.

“தொரை குடிச்சிட்டு கேட்டுல இடிச்சது,” என்றாள். “இதேதான்.”

அன்றிலிருந்து கோகிலாவுக்குச் சோறு இறங்கவில்லை. பச்சைக்கு அடியில் என்ன இருக்கிறது?

இஞ்சினைக் கழற்றி, கழுவி, பூட்டி, அதன் தொண்டையைத் திறக்கவே சேதுராமனுக்கு மாதங்கள் ஓடின. முதல் முறை அது உறுமியபோது பக்கத்து வீட்டு வாத்துகள் வேலியைத் தாண்டின. அப்புறம்தான் உப்புத்தாள் எடுத்துப் பச்சையைத் தேய்க்க உட்கார்ந்தார்கள். கூட்டாளிகளுக்குள் ஒரு சட்டம் இருந்தது: கார் எந்த நிறத்தில் பிறந்ததோ, அதே நிறம்தான் திரும்ப அடிக்க வேண்டும்.

கோகிலா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

“சபார் லா, அடேக்,” என்றான் பொன்னையா. கொஞ்சம் பொறு தங்கச்சி என்று அர்த்தம். அவன் வீட்டில் மலாய்தான். தமிழ் விசேஷ நாளில் எட்டிப் பார்க்கும். ஈரத் தாளால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். பச்சை பாலாக ஒழுகியது. துணியால் துடைத்தான்.

“ஹித்தாம்,” என்றான் மெதுவாக. கறுப்பு.

பாக்கியலட்சுமி “நான் சொல்லல?” என்று கேட்கவில்லை. அதுதான் கோகிலாவுக்கு இன்னும் வலித்தது.

அன்று சாயங்காலம் மாணிக்கம் அவளருகில் வந்து உட்கார்ந்தான்.

“நீலமே அடிச்சிடலாம் கோகி. சட்டமாவது மண்ணாவது. அவனுங்க ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கிட்டு அலைவானுங்க, அப்புறம் கறிச் சோறு போட்டா வந்துருவானுங்க.”

அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. வெகுநேரம் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாங்க. அப்புறம் அந்த நீலத்தப் பாக்கிறப்பல்லாம் நீங்க அடிச்சதுதான் ஞாபகம் வரும். அப்பா வரமாட்டாரு. எப்படி இருந்திச்சோ அப்படியே இருக்கட்டும்.”

கறுப்பே அடித்தார்கள். பொன்னையா விட்டபாடில்லை, வாரக்கணக்கில் மெழுகு போட்டுத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக்கினான். சேதுராமன் கதவைப் பார்த்து மீசையை வாரிக்கொண்டான். “டேய், மூஞ்சி ஒட்டிக்கப் போவுது, தள்ளு லா!” என்று மாணிக்கம் விரட்டினான்.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு மறுநாள் ஞாயிறு. ஊரெல்லாம் புதுக்கொடி. மழை பெய்து ஓய்ந்து வானம் கழுவிவிட்டது போல இருந்தது. மூன்று கார்களும் பண்டார் ஹிலிர் கடற்கரைக்குப் புறப்பட்டன. முதல் ஓட்டத்தில் முன்சீட்டு வீட்டுக்காரிக்கு. அதுவும் கூட்டாளிகளின் சட்டம்தான். பாக்கியலட்சுமி பின்சீட்டில் ராணி போலச் சாய்ந்துகொண்டாள். கோகிலா புதுச்சேலையில் இருந்தும், மனசு ஒட்டாமல் மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். ஆறு வயதிலும் பத்து வயதிலும் தூக்கத்துக்கு முன் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த சவாரி, இனி ஓடாது.

சாலையின் இரு பக்கமும் மரங்கள் கவிந்திருந்தன. நிழலுக்குள் கார் மெல்ல முனகிக்கொண்டு போனது. நீண்ட பானெட் இருட்டாக, ஆழமாக, கிணற்று நீர் போல முன்னால் கிடந்தது.

மரங்கள் முடிந்தன. கடல் திறந்தது.

பானெட்டின் மேல் வானம் கொட்டியது. நுனியிலிருந்து கண்ணாடி வரைக்கும் நீலம். அதன்மேல் ஒரு வெள்ளை மேகம் வழுக்கி ஏறி, அவளை நோக்கி மிதந்து வந்து, கண்ணாடிக்கு அடியில் மறைந்தது. பின்னாலேயே இன்னொன்று.

கோகிலாவின் கை தானாக மாணிக்கத்தின் கையைப் பிடித்தது. கார் சற்று ஆடியது.

“என்னடி ஆச்சு?” என்றாள் பின்னாலிருந்து அம்மா.

“அம்மா... ரோட்டோரமா நின்னு பாத்தா இது தெரியாதும்மா. கதவுல வீடும் மரமும்தான் தெரியும். இங்க, இந்த எடத்துல இருந்தாதான்...”

பாக்கியலட்சுமி இரண்டு கைகளாலும் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பின் மேல் ஏறி வந்தன.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு,” என்றாள் கடைசியில். “எனக்குத் தெரியாம புள்ளைய ஏத்திக்கிட்டுச் சுத்தியிருக்காரு, திருட்டு மனுசன்.”

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மருமகனின் தோளைத் தட்டினாள்.

“மாப்ள, கொஞ்சம் மெதுவாப் போங்க.”

மாணிக்கம் வேகத்தைக் குறைத்தான். பின்னால் வந்த பொன்னையா பொறுமையில்லாமல் ஹாரனை அடித்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.