வாலில் எழுதிய பெயர்

1.
இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பக்கம் ஒரு காபிக்கடை. "பழைய பண்ணைக் காத்தாலையா? வாலைப் பாத்தே எந்தக் கம்பெனின்னு சொல்லிடுவேன்" என்று ஒருத்தர் அளந்துகொண்டிருந்தார். தண்ணீர் இறைக்கும் காற்றாலையின் சக்கரத்தைக் காற்றின் பக்கம் திருப்பிவிடும் தகடுதான் வால். கம்பெனிப் பெயர் அதில்தான் இருக்கும். ஆனால் புயலில் வால் ஒடிந்தால் பக்கத்துப் பண்ணையில் விழுந்துகிடப்பதை எடுத்து மாட்டிக்கொள்வது இங்கே வழக்கம். மேலே ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு ஆளையே தெரியும் என்கிறவர்களை எனக்குக் கல்லூரியிலிருந்தே ஆகாது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

2.
முதல் தொடக்கம்: "அன்று காற்று ஒரு தாயைப் போல..."

[வேண்டாம். காற்று காற்றைப் போலத்தான் இருந்தது.]

இரண்டாவது: லெவோனா ஹ்ருஷ்காவுக்கு மதியத் தூக்கம் வருவதே காற்றாலைச் சத்தத்தில்தான். தடக்... தடக்... தண்ணீர் ஏறும். கண் செருகும்போது வீடு தரையை விட்டு லேசாக எழும்பிப் புல்வெளி மேல் மிதந்து போகும். மடியில் காற்றாலைக் கம்பெனிகளின் பழைய கேட்டலாக் திறந்திருக்கும். அந்தப் படங்களில் சக்கரம் நிற்பதே இல்லை. பசுக்களின் தாகமும் தீர்வதில்லை.

இது இருக்கட்டும்.

3.
எண்ணெய் விடக் காற்றாலை மேல் ஏறியவள் பல்சக்கரத்தில் கிரீஸை நகத்தால் சுரண்டினாள். வார்ப்பில் ஒரு எண். கேட்டலாக்கில் அதே எண், அதே சக்கரம். வாலில் இருப்பது ஊரெல்லாம் கிடைக்கிற கம்பெனி. உடம்போ வேறு கம்பெனி. உலகத்தில் மிச்சம் ஒன்றோ இரண்டோ.

(ஓரமாக ஒன்று: அரிய காற்றாலைகளை அருங்காட்சியகத்தில் சிமெண்டில் நட்டு, சக்கரத்தைச் சங்கிலியால் கட்டிவிடுவார்கள். பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பவர்களைப் போல இருக்கும்.)

சனிக்கிழமை அருங்காட்சியகத்துக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அரியது என்றால் விலை கொடுத்துக் கொண்டுபோவார்கள். இல்லையென்றால் அது இங்கேயே சுற்றும். ஆனால் கோபுரத்தின் ஒரு கால் துருவில் இற்றுப்போய்விட்டது. மாற்ற முழுசையும் இறக்கவேண்டும். இறக்கினால் தம்பி கெய்லன் மறுபடி நிறுத்த விடமாட்டான். இறக்காவிட்டால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டாது.

பெயர் தெரிந்தால் பிழைக்கும், ஆனால் சுற்றாது. தெரியாவிட்டால் விழும்வரை சுற்றும்.

4.
கெய்லனைப் பணத்தாசைக்காரனாகத்தான் எழுதிவைத்திருந்தேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. சமையலறைக்குள் வந்து நின்றான்.

"என்ன, பேரு கிடைச்சுதா?"

"வால்லயே எழுதியிருக்கு. உனக்குப் படிக்கத் தெரியாதா?"

"உன் வீட்டுப்பாடத்தையே நான்தானே எழுதினேன்."

"அதான் ஃபெயிலானேன்."

சிரித்தான். காபியை ஊற்றினான். குடிக்கவில்லை.

"வால்ல இருக்கிற கம்பெனியோட காத்தாலைக்கு வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் விட்டா போதுமாம், லெவோனா. நீ ஏன் வாராவாரம் ஏறுற?"

அவள் கட்டைவிரல் மடியிலிருந்த கேட்டலாக்கில் அந்த எண் இருந்த பக்கத்தை அழுத்திக்கொண்டது.

"நீ மேல இருக்கிற நேரமெல்லாம் நான் கீழ நிக்கிறேன். உனக்குத் தெரியாது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால. நீ விழுந்தா பிடிச்சிடுவேன்னு ஒரு நெனப்பு. எவ்வளவு பெரிய முட்டாள் பாரு நான்."

இந்த வசனத்தை நான் யோசித்து வைக்கவில்லை.

5.
முடிவு (அ): பக்கத்தைக் காட்டுகிறாள். லாரி வருகிறது. அப்புறம் மதியங்களில் சோலார் பம்பு சத்தமில்லாமல் ஓடுகிறது; வீடு தரையிலேயே கிடக்கிறது.

முடிவு (ஆ): புத்தகத்தை மூடுகிறாள். சக்கரம் சுற்றுகிறது, பனிக்காற்று வருகிறது, அவள் எண்ணெய்க் குப்பியோடு ஏறுகிறாள், கீழே

[முடிக்கமாட்டேன். கீழே அவன் நிற்கிறான்.]

இரண்டையும் கிழித்துவிட்டேன். எல்லாருக்கும் பெயர் வேண்டும், சொந்தப் பெயர் வேண்டும் என்று சண்டை போட்டே வளர்ந்தவள் நான். இப்போது ஒரு இரும்புக்கு மட்டும் பெயரே வேண்டாம் என்று என் கை எழுதப் பார்க்கிறது. அந்தக் கையை நான் நம்பவில்லை.

அதனால் லெவோனாவின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பெயர் கிடைத்ததா என்று கேட்ட கெய்லன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறான். எந்தப் பதிலை வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.