கலியமூர்த்தியின் ஆள்காட்டி விரல்

விரல் ரேகை மெஷினில் விழாததற்குக் காரணம் ஸ்ட்ரெஸ் என்று சொல்வதற்காகச் சென்னையிலிருந்து ஒரு மனுஷன் ஏசி காரில் விருத்தாசலம் வந்தார் என்றால் நம்புவீர்களா? வந்தார். எங்கள் கம்பெனி கேன்டீனில் பதினாலு பெண்களைத் தரையில் உட்காரவைத்து, தான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் பேசினார். மனசில் அழுத்தம் இருந்தால் கை வேர்க்குமாம். வேர்த்தால் மெஷினுக்கு ரேகை தெரியாதாம். அதனால் நாங்கள் கண்ணை மூடிக் கடற்கரையை நினைத்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுக்க வேண்டுமாம். இழுத்தோம். பீங்கான் தூசி உள்ளே போய்ப் பாதிப் பேருக்கு இருமல் வந்துவிட்டது.

"இப்ப எப்படி ஃபீல் பண்றீங்க?" என்றார்.

"பசிக்குது சார்" என்றாள் என் பக்கத்தில் இருந்த அமுதவள்ளி.

அறிவியல் என்று போர்டு வைத்துக்கொண்டு எந்த முட்டாள்தனத்தையும் விற்கலாம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஆள் ஒரு தடவையாவது எங்கள் கையைப் பிடித்துப் பார்த்தாரா? இல்லை.

நான் செல்வநாயகி. இந்தப் பீங்கான் தொழிற்பேட்டையில் பதினோரு வருஷமாகப் பிசிறு தேய்க்கிறேன். அச்சில் அழுத்தி எடுத்த ஃபியூஸ் பீங்கான் காய்ந்ததும் விளிம்பில் பிசிறு நிற்கும். அதை உப்புத்தாளால் உரசி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்கினால்தான் சூளைக்குப் போகும். ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி. உப்புத்தாள் என்ன பீங்கானை மட்டும் பார்த்தா உரசும்? விரலையும் சேர்த்துத்தான் உரசும். என் பத்து விரலும் வழவழவென்று இருக்கும், ஒரு கோடு கிடையாது. ரேஷன் கடையில் கருவிழி மெஷினில் கண்ணைக் காட்டிச் சமாளித்துவிடுவேன்.

கம்பெனிக்கு மெஷின் வந்தது இரண்டு வருஷத்துக்கு முந்தி. மேனேஜர் ராஜ்மோகன் அதைக் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, தேங்காய் உடைத்தார். பழைய வருகை நோட்டைக் குப்பையில் போட்டார். மறுநாள் காலை நாங்கள் பதினாலு பேர் விரலை வைத்தோம். "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது உள்ளேயிருந்து ஒரு பொம்பளைக் குரல். அதுவும் பெண்தான், ஆனால் எங்கள் மேல் அதற்கு ஒரு இரக்கம் கிடையாது. எட்டு மணி நேரம் வேலை பார்த்த எங்களுக்கு ஆப்சென்ட் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த ஸ்ட்ரெஸ் முகாம். முகாம் முடிந்தும் மெஷின் மசியவில்லை. ராஜ்மோகன் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வூட்ல யாராவது சும்மா இருக்காங்களாம்மா? அவங்க விரல உங்க பேர்ல ஏத்திடலாம். காலைல ஒருவாட்டி, சாயந்தரம் ஒருவாட்டி வந்து வெச்சிட்டுப் போவட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் காறித் துப்பவும் இல்லை. பாங்க்கில் பாஸ்புக் என்றால் புருஷன், குழுக் கடன் என்றால் புருஷன் கையெழுத்து, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் என்றால் புருஷன் சம்மதம் என்று பழகிய கழுதைகள்தானே நாங்கள். விரலும் அவருடையதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம். புருஷன் இல்லாத அமுதவள்ளி மாமியார் விரலை ஏற்றினாள். அந்த அம்மா தினமும் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து மருமகளோடு பஸ் ஏறி வந்து, விரல் வைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் சாயந்தரம் வரை தூங்கும்.

என் பெண் வெண்பா மட்டும் குதித்தாள். அவள் கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள்.

"ம்மா, தேய்க்கறத ரெண்டு மாசம் நிறுத்துனா ரேகை திரும்ப மொளைக்கும். தேய்ஞ்சிருந்தா நீ வேலை செய்யறன்னு அர்த்தம். அப்பாவுக்கு நல்லா தெரியுதுன்னா அவரு ஒண்ணும் செய்யலன்னு அர்த்தம். வேலை செய்யாதவங்களத்தான் வேலைக்கு வந்தவங்கன்னு அந்த மெஷின் எழுதுது. நோட்டுல கையெழுத்துப் போடற ஏற்பாடு பண்ணுங்கன்னு நான் மனு எழுதித் தரேன், பதினாலு பேரும் போடுங்க."

"வாய மூடிட்டுப் படிக்கற வேலைய பாருடி" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எனக்கு வேண்டியது நானூற்று எண்பது நாள். இரண்டு வருஷத்துக்குள் அத்தனை நாள் வேலை செய்ததாகக் கணக்கு இருந்தால் நிரந்தரத் தொழிலாளி. அதுவரைக்கும் தினக்கூலி, நாளைக்கு வராதே என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒன்பது வருஷம் இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் எங்களை ஓட்டினார்கள். இந்த இரண்டு வருஷம் ஆர்டர் குவிந்ததால் நிறுத்த முடியவில்லை. இந்த நேரத்தில் மனு கினு என்று வம்பு எதற்கு? இப்போது நினைத்தால் என் வாயில் நானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இனி என் புருஷன் கலியமூர்த்தியின் பெருமையைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் லோடு வண்டி ஓட்டினார். வண்டியை விற்ற பிறகு டீக்கடையில் உட்கார்ந்து நாட்டை ஓட்டினார். மெஷினில் விரல் ஏறிய அன்றிலிருந்து ஆளே மாறிவிட்டார். காலையில் குளித்து, பவுடர் போட்டு, அயர்ன் செய்த சட்டை போட்டு, விரலைத் தனியாகச் சோப்புப் போட்டுக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு கிளம்புவார். ஒரு விரலை வைக்க இத்தனை ஜோடனை.

"நான் வெச்சாத்தான்டி நீ வேலைக்கு வந்தவ. இல்லேன்னா நீ எங்க போன, எவன் கண்டான்?" என்பார்.

கருவாட்டுக் குழம்பு வைக்காத அன்று விரலுக்குச் சுளுக்கு. அவர் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு நான் சிரித்த முகமாக வராத மறுநாள் விரலுக்குக் காய்ச்சல். அப்படி ஆறு நாள் எனக்குப் போயிற்று. ஒருநாள், வெண்பாவின் போனைத் தினமும் தான் வாங்கிப் பார்க்க வேண்டும் என்றார். யாரிடம் பேசுகிறாள், என்ன எழுதுகிறாள் என்று அப்பனுக்குத் தெரிய வேண்டுமாம்.

"அது என்னோட போனு. தரமாட்டேன்" என்றாள் வெண்பா.

"அப்ப நாளைக்கு ஒங்கம்மாவுக்கு ஆப்சென்ட்டு" என்று பாயை விரித்துப் படுத்துவிட்டார்.

மூன்று நாள் படுத்திருந்தார். நாலாம் நாள் காலை நானே வெண்பாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தேன். என் பெண் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. போனை அவர் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். அன்று எனக்கு வருகை விழுந்தது.

போன மாசம் ஒரு சனிக்கிழமையோடு பதினாலு பேருக்கும் நானூற்று எண்பது நிறைந்தது. நானும் அமுதவள்ளியும் முதல் ஆளாக ராஜ்மோகன் அறைக்குப் போனோம். அவர் எங்களை உட்காரச் சொன்னார். பதினோரு வருஷத்தில் அந்த ஆள் யாரையும் உட்காரச் சொன்னதில்லை. சாயந்தரம் விரல் வைக்க வந்திருந்த எங்கள் வீட்டாரையும் உள்ளே கூப்பிட்டார். கலியமூர்த்தி கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"ரெக்கார்டுபடி நானூத்தி எம்பது நாளு விரல் வெச்சது கலியமூர்த்தி. அது ஒங்க விரலு இல்லேல்லம்மா? அத வெச்சி ஒங்களுக்கு எப்புடி நிரந்தரம் குடுக்கறது? ஆள்மாறாட்டம்னு ஆயிடும். போலீசுக்கு எழுதிக் குடுக்கணும்" என்றார் ராஜ்மோகன்.

"நீங்கதான சார் வெக்கச் சொன்னீங்க?"

"நான் சொன்னேன்னு எங்கயாவது எழுதியிருக்குதா?"

அவர் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். விரலுக்கு உரியவரை அடுத்த மாசம் ஒன்றாம் தேதியிலிருந்து புதிதாகச் சேர்த்துக்கொள்வார்களாம். நாள் ஒன்றிலிருந்து எண்ணுவார்களாம். இரண்டு வருஷம் போனால் அவருக்கு நிரந்தரமாம்.

"பேரு அவருதா இருக்கட்டும். வேலைய வழக்கம்போல நீங்களே பாருங்க. ஒரே குடும்பம்தான?" என்றார்.

அமுதவள்ளியின் மாமியாருக்கு அறுபத்தொன்பது வயசு. அந்த அம்மாவும் புதிய தொழிலாளியாம். இதைச் சொல்லும்போது அந்த மனுஷன் முகத்தில் ஒரு கூச்சம் இல்லை.

நான் கலியமூர்த்தியைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை, இந்த ஆள் எனக்காக வாயைத் திறக்க மாட்டாரா என்று பார்த்தேன். அவர் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, கையெழுத்துப் போட்டார். அடியில் சுழி வேறு.

"வூட்டுக்கு வர்ற சம்பளம்தான, யார் பேர்ல வந்தா என்னாடி?" என்றார் வெளியே வந்ததும். "எனக்கும் நாலு பேர் மத்தியில ஒரு மரியாத வேணாமா?"

தூ. அந்த இடத்தில் நான் அழவில்லை. அழுதிருந்தால் அந்த முகத்துக்கு அதுவும் ஒரு பவுடர் ஆகியிருக்கும்.

கலியமூர்த்தியை முன்னே போகவிட்டு, மாமியார் காதில் விழாத தூரத்தில் பஸ் வரும்வரை அமுதவள்ளியோடு நின்றேன். "என்னாக்கா பண்றது?" என்று கேட்டுக் கேட்டு அவள் மூக்கைச் சிந்தினாள்.

"விரலுதான வேலை செஞ்சுது? திங்கக்கெழம விரலே வேலை செய்யட்டும். மத்த பன்னெண்டு பேர்ட்டயும் சொல்லு. வூட்டு ஆளுங்கள முன்னாடி அனுப்பி விரல் வெக்கச் சொல்லுங்க, பின்னாடியே வரேன்னு சொல்லுங்க. யாரும் போவக் கூடாது" என்றேன்.

"மாமியார தனியா பஸ்ஸு ஏத்தி வுடணுமேக்கா" என்றாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

அன்று வீட்டுக்குப் போய் வெண்பாவிடம், "அந்த மனுவ இப்ப எழுதித் தரியா பாப்பா?" என்று கேட்டேன். ஏன் இத்தனை நாள் கழித்து என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்காமல் நோட்டை எடுத்து உட்கார்ந்தாள். நான் கடப்பாரையால் பீரோவின் பூட்டை நெம்பி அவள் போனை எடுத்துக் கொடுத்தேன். கலியமூர்த்தி டீக்கடையிலிருந்து வந்து பீரோவைப் பார்த்துக் கத்தினார். "ஒங்க விரலுக்குச் சுளுக்கு வந்தா வரட்டும்" என்றேன். அவருக்கு ஒன்றாம் தேதி மரியாதை காத்திருந்ததே, சுளுக்கு எப்படி வரும்?

திங்கட்கிழமை காலை பதினாலு விரலும் தவறாமல் மெஷினில் விழுந்தது. பதினாலு பெண்களுக்கும் வருகை. எட்டரை மணிக்குப் பலகைகளுக்கு முன்னால் ஒருத்தியும் இல்லை. ராஜ்மோகன் கேட்டைப் பூட்டச் சொல்லி, விரல் வைத்துவிட்டுக் கிளம்பியவர்களை உள்ளே தள்ளி உட்காரவைத்தாராம். ஒன்பது புருஷன்மார், இரண்டு கொழுந்தன்மார், இரண்டு மாமனார், ஒரு மாமியார். வேப்பூரிலிருந்து வந்த லாரி லோடுக்காக நின்றது. சூளைக்கு ஏற்ற ஒரு பலகை கூட நிரம்பவில்லை.

ஒன்பதே காலுக்குக் கலியமூர்த்தி போன் செய்தார்.

"ஏய், எங்கடி இருக்க? இங்க ஒக்கார வெச்சிட்டானுவோ. இந்தக் கருமம் தொட்டா ஒடையுது. இதுவரைக்கும் முப்பது ஒடச்சிட்டேன். எப்புடிடி புடிக்கிறது?"

"நானூத்தி எம்பது நாளு செஞ்சீங்களே, மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டுக் கட் செய்தேன். வாழ்க்கையில் இவ்வளவு ருசியாக நான் டீ குடித்ததில்லை.

பத்தரைக்கு ராஜ்மோகன் பைக்கில் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை. அவருக்கு ஸ்ட்ரெஸ் போலிருக்கிறது. உள்ளே கூப்பிடவில்லை, வாசலிலேயே நிறுத்தினேன். வெண்பா அவரிடம் ஒரு தாளை நீட்டினாள். இந்தப் பதினாலு பெண்களும் இந்த இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்தார்கள், வீட்டார் விரலை நிர்வாகமே ஏற்றியது, இனி வருகையை நோட்டில் அவரவர் கையெழுத்தாகவே எடுக்கிறோம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அவர் பெயர் போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தாள்.

அவர் படித்தார். தாளை மடித்தார்.

"இதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம்மா. லாரிக்காரன் கத்தறான், மொதலாளி போன் மேல போன் போடறாரு. மொதல்ல வேலைக்கு வாங்க. எல்லாரும் ஒங்க பேச்சத்தான் கேப்பாங்களாம்."

"இன்னிக்கு எனக்கு வருகை விழுந்திருக்குதா சார்?"

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"சொல்லுங்க சார். மெஷின்ல என் பேரு விழுந்திருக்குதா, இல்லியா?"

"விழுந்திருக்குது."

"அப்ப நான் கம்பெனியிலதான் இருக்கேன். இங்க வந்து யாரத் தேடறீங்க?"

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவர் பாக்கெட்டில் போன் மறுபடி அடித்தது. எடுத்துப் பார்த்தார், பேசாமல் உள்ளே போட்டார். மடித்த தாளைப் பிரித்து பைக் சீட்டின்மேல் வைத்து நீவினார். பிறகு சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார்.

"பேனா இருக்குதாம்மா?" என்று வெண்பாவிடம் கேட்டார்.